சபைப் பணியும் தலைமையும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சின்ன சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், கமிட்டியிலும் இருக்கிறேன். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போது, வாலிபர் கூட்டத்தில், அறுப்பின் பண்டிகைக்கு வந்த நெல்லை அளக்கும்போது என்று ஒரே சந்தேகங்கள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தன. கேட்டவர்களில் லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் எல்லாரும் உண்டு. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், அந்தப் பழக்கமும் இதில் வரும்.

1. ‘பணிவிடைத் தலைமை’ன்னு எல்லாப் பிரசங்கத்துலயும் சொல்றாங்க. அப்படின்னா என்னங்க?

மாற்கு 10ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சீஷரில் இருவரான யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, உமது மகிமையில் ஒருவன் வலதுபக்கமும் ஒருவன் இடதுபக்கமும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். மத்தேயு எழுதியதில் அவர்கள் அம்மாவே வந்து சிபாரிசு செய்கிறார். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. ‘இப்படிக் கேட்கலாமா’ என்ற கோபமா, ‘நாம் முந்திக் கேட்காமல் போனோமே’ என்ற கோபமா என்பது எனக்கு எப்போதும் சந்தேகம்தான். இயேசு பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உலகத்து அதிகாரிகள் ஜனங்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கக் கூடாது, முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாக இருக்கட்டும் என்றார். தாமும் ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்யவே வந்ததாகச் சொன்னார்.

ஒரு சபையில் இது நடக்கிறதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தலைவர் வந்தபிறகு யாருடைய பாரம் குறைந்தது? அவருடைய பாரம் மட்டும் குறைந்திருந்தால், அவர் எவ்வளவு தாழ்மையாகப் பேசினாலும் விஷயம் சரியில்லை. கீழே வரும் பதில்களில் பல இந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வரும்.

2. பெரிய வியாழன் அன்னைக்குச் சாமியார் கால் கழுவுறாரே, அதுதானே இது? வருஷத்துக்கு ஒருநாள் செஞ்சா போதுமா?

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை நடக்கும் அந்தச் சடங்கு அழகானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யோவான் 13இல் நடந்தது இன்னும் சங்கடமான காரியம். புழுதி வழியில் நடந்து வந்தவர்களின் காலைக் கழுவுவது அந்த நாட்டில் வீட்டு அடிமையின் வேலை. இயேசு சாப்பாட்டிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றிவைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு அதைச் செய்தார். பேதுருவுக்குத் தாங்கவில்லை, ‘என் காலைத் தொடக் கூடாது’ என்றார். காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.

சடங்கில் முன்கூட்டியே சோப்புப் போட்டுக் கழுவின கால்கள்தான் வரும், தெரிந்ததுதானே. யாருடைய கால் என்பதிலும் திருச்சபைக்கு நீண்டகாலம் தயக்கம் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் விதி ஆண்கள் என்றுதான் இருந்தது, போப் பிரான்சிஸ் 2016இல் அதைத் திருத்திப் பெண்களையும் சேர்த்தார். வருஷம் முழுக்க என்றால், கழிவறை கழுவும் முறைப் பட்டியலில் கமிட்டிக்காரர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. இதையேதான் எங்க கம்பெனி டிரெய்னிங்ல ‘சர்வன்ட் லீடர்ஷிப்’னு சொல்லித்தர்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

பேர் ஒன்று. அந்தச் சொல்லை நிர்வாக உலகத்தில் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர். ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 1970இல் இதைப் பற்றி எழுதினார். நல்ல யோசனைதான். கம்பெனியில் அதனால் வேலை நன்றாக நடந்தால் தொடர்வார்கள், நடக்காவிட்டால் வேறு முறைக்குப் போவார்கள். இயேசு செய்ததற்குக் கிடைத்த பலன் சிலுவை. லாபம் தருமா என்று பார்த்துச் செய்கிற காரியம் இது இல்லை.

4. தலைவர் எல்லாருக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தா சபையை யாருங்க நடத்துறது?

தலையாட்டச் சொல்லி எங்கே இருக்கிறது? ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவரும், கால் கழுவியவரும் ஒரே ஆள்தான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்து, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியர் 2இல் எழுதுகிறார். பந்தியில் ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் பேசியது அது.

ஆகவே ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும். யாருக்காகச் சொல்கிறோம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

5. எல்லாம் பைபிள் கதையா இருக்கு. நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் இப்படி யாராவது இருந்திருக்காங்களா?

தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துக்குள் 1779இல் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம்: படுக்கையில் ஒரு பாதிரியார், அவர் கையைப் பிடித்தபடி ஒரு ராஜா. பாதிரியார் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ், ராஜா இரண்டாம் சரபோஜி. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, 1798இல் தஞ்சாவூரில் காலமாகும்வரை சுவார்ட்ஸ் ஊர் திரும்பவே இல்லை. சரபோஜி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்குப் பாதுகாவலராக இருந்தவரும் இவர்தான். கல்லறைக்கு ஆங்கிலத்தில் கவிதை எழுதிவைத்தவர் சரபோஜியே.

எனக்குப் பிடித்த சம்பவம் நெல்லைப் பற்றியது. ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் முன்பு கொண்டுவந்து கொடுத்தவர்களின் கூலியை நடுவில் இருந்தவர்கள் சுருட்டிவிட்டதால், ஒருவரும் மாடு பூட்ட வரவில்லை. அரண்மனையும் சொல்லிப் பார்த்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் சொல்லிப் பார்த்தார்கள். நம் இருவர் பேச்சையும் இனி ஜனங்கள் நம்ப மாட்டார்கள், சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்று, சரபோஜிக்கு முன்னால் ஆண்ட ராஜாவே சொல்லிவிட்டார். கூலியை என் கையால் தருகிறேன் என்று சுவார்ட்ஸ் ஆள் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் சேர்ந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார்.

இதில் அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அதற்கு முந்தைய வருஷங்களில் யாரையும் ஏமாற்றாமல் இருந்தார், அவ்வளவுதான். அவருடைய குறையும் உண்டு, அது 9ஆம் கேள்வியில்.

6. ‘மனப்பூர்வமா செய்யணும்’னா, மனசு வந்தா மட்டும் செய்யலாமா? நடவு நேரத்துல என்னால வர முடியாது.

நடவு நேரத்தில் வராதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதும் யாருக்கும் கை ஓயாது. அந்த வாரம் பார்த்து ‘ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க எல்லாரும் வாங்க’ என்று கூப்பிடுவது கூப்பிடுகிறவரின் தவறு.

ஆனால் மனசு வந்தால்தான் என்பதும் வேறு. பேதுரு மூப்பர்களுக்கு எழுதும்போது, கட்டாயமாக இல்லாமல் மனப்பூர்வமாக மந்தையை மேய்க்கச் சொல்கிறார் (1 பேதுரு 5). காணிக்கையைப் பற்றிப் பவுலும் அதேதான்: அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் (2 கொரிந்தியர் 9). ‘நியமித்தபடி’ என்றால் முன்னாலேயே யோசித்து ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகம் இல்லாமல் இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். எங்கள் சபையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டுப் பட்டியல் போடுகிறோம், நடவும் அறுப்பும் தள்ளி.

7. என்னைக் கேக்காமலே ஆராதனையில என் பேரை வாசிச்சிட்டாங்க. எல்லார் முன்னாடியும் எப்படி மாட்டேன்னு சொல்றது?

இது எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி. ‘ஆண்டவருடைய வேலையாச்சே, மறுத்துடுவாங்களா’ என்ற தைரியத்தில் வாசித்துவிடுகிறார்கள். பவுல் பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தைப் படியுங்கள். பிலேமோனின் அடிமையாக இருந்த ஒநேசிமுவைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பவுலுக்கு ஆசை. ஆனாலும் உன் சம்மதமில்லாமல் எதுவும் செய்ய மனமில்லை, நீ செய்யும் நன்மை கட்டாயத்தினால் ஆனதுபோல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறார். அப்போஸ்தலருக்கே கேட்டுச் செய்ய முடிந்தது, செயலாளருக்கு முடியாதா?

ஆராதனையில் எழுந்து மறுக்க வேண்டாம். அன்று சாயங்காலம் ஐயரைப் போய்ப் பாருங்கள். ‘ஐயா, இது என்னால ஆகாது, இதுக்குப் பதிலா இன்னது செய்றேன்’ என்று சொல்லுங்கள். பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாத நிலைமை என்றால் அதையும் சொல்லலாம். அடுத்த ஞாயிறு பெயரை மாற்றி வாசிப்பதால் ஆலயம் இடிந்துவிடாது.

8. விருந்துன்னா பொம்பளைங்க சமைக்கணும், கூட்டம்னா ஆம்பளைங்க பேசணும். மார்த்தாள் மாதிரி இருங்கன்னு வேற சொல்றாங்க. இதுதான் பணிவிடையா?

மார்த்தாளை உதாரணம் காட்டுகிறவர்கள் லூக்கா 10ஐ முடிவுவரை வாசிப்பதில்லை. அங்கே இயேசு பாராட்டியது, அடுப்படியை விட்டுவிட்டுக் காலடியில் உட்கார்ந்து கேட்ட மார்த்தாளின் சகோதரி மரியாளை. பெத்தானியாவில் அவர்கள் வீட்டிலேயே ஒரு பெண்ணுக்குப் பாடம் கேட்கும் இடம் கிடைத்துவிட்டது.

அப்புறம் ரோமர் 16. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள் என்று பவுல் அறிமுகம் செய்கிறார். பலருக்கும், தனக்குமே, அவர் ஆதரவாக இருந்ததாகச் சொல்லி, எந்தக் காரியத்தில் உங்கள் உதவி வேண்டியிருந்தாலும் அவருக்குச் செய்யுங்கள் என்று ரோமாபுரி சபையைக் கேட்டுக்கொள்கிறார். அதாவது சபையார் அந்த அம்மாவுக்கு உதவ வேண்டும். 1ஆம் கேள்வியின் சோதனையை அண்டா கழுவும் இடத்தில் வைத்துப் பாருங்கள், பதில் தானாகத் தெரியும். ஆண்கள் அண்டா கழுவட்டும், பெண்கள் வரவுசெலவு வாசிக்கட்டும். ரெண்டும் நடக்கிற சபைகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன.

9. எங்க சபையில பந்தல் போடுறது, பெஞ்சு தூக்குறது, குழி வெட்டுறது எல்லாம் ஒரே தெருக்காரங்கதான். ‘அவங்க சந்தோஷமா செய்றாங்க’ன்னு சொல்றாங்க. என்ன பதில் சொல்ல?

சந்தோஷமாகச் செய்கிறார்களா என்று அவர்களைக் கேட்டார்களா என்று கேளுங்கள். மறுக்க வழியில்லாதவன் செய்வதை ‘மனப்பூர்வம்’ என்று மற்றவர்கள் சொல்ல முடியாது (6, 7 பார்க்க). பரம்பரையாக ஒரு தெருவின்மேல் விழுந்த வேலைக்குச் சாதி என்றுதான் பெயர். ஆலயச் சுவருக்குள் நடப்பதால் அது மாறிவிடாது.

இது புதிய தகராறும் இல்லை. சுவார்ட்ஸ் காலத்தில் தஞ்சாவூர்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். அவரும் மற்ற மிஷனெரிமாரும் மெல்ல மாறும் என்று விட்டுவைத்தார்கள், மாறவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு. பலர் சபையை விட்டே விலகினார்கள். உபசாரமும் தர்மமும் நிறைந்த மனிதர்கள்தான் அவர்களும். பெஞ்சு மட்டும் பொதுவாக இருக்கக் கூடாது என்றார்கள்.

என்ன செய்யலாம் என்பதற்கு அப்போஸ்தலர் 6ஐப் பாருங்கள். அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது சாப்பாடு பங்கிடுவதில், கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர் ‘முறுமுறுக்காதீர்கள்’ என்று அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, எந்தப் பக்கத்துக்குக் குறை இருந்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையில்தான் பந்தி விசாரணை போயிருக்கிறது என்று படுகிறது. உங்கள் சபையில் அந்தத் தெருக்காரர் ஒருவர் பொருளாளர் ஆகட்டும். அதே கூட்டத்தில் பந்தல் வேலையும் முறைப் பட்டியலுக்கு வரட்டும்.

10. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கிறவர் இருக்கார். அவருக்குக் கமிட்டியில இடம் குடுத்தா தப்பா?

தகுதி இருந்தால் கொடுங்கள். பூசணிக்காய் தகுதி ஆகாது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும், கந்தைக்காரனுக்குப் பாதபடியின் அருகே இடமும் கொடுப்பதை யாக்கோபு 2 கண்டிக்கிறது. அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

11. எங்க கோயில்குட்டிக்குச் சம்பளம் ஏத்தச் சொன்னா, ‘ஊழியம்தானே, காசுக்கா செய்றார்’னு சொல்றாங்க. சரியா?

சரியில்லை. (கோயில்குட்டி என்றால் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்.) விரும்பிச் செய்வது என்பதும் கூலி வாங்குவது என்பதும் எதிரிகள் இல்லை. பவுல் சில இடங்களில் கூடாரம் தைத்துப் பிழைத்து, சபையிடம் காசு வாங்கவில்லை. ஆனால் வாங்க உரிமை உண்டு என்பதை 1 கொரிந்தியர் 9இல் முதலில் நிலைநாட்டிவிட்டுத்தான், தனக்கு வேண்டாம் என்கிறார். உரிமையை விட்டுக்கொடுப்பது அந்த உரிமை உள்ளவர் செய்ய வேண்டியது. எதிரே உட்கார்ந்திருக்கும் கமிட்டி அவருக்காக விட்டுக்கொடுக்க முடியாது.

மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, விளக்குத் துடைத்து, கல்லறைத் தோட்டம் வரை பார்க்கிற மனிதர் அவர். வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5 சொல்கிறது. டெல்டாக்காரருக்கு இந்த வசனம் விளக்கமில்லாமலே புரியும். ஒலிபெருக்கிக்குப் பணம் இருக்கிற சபையில் சம்பளத்துக்குப் பணம் இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

12. கணக்குக் கேட்டா ‘விசுவாசம் இல்லையா’ன்னு கேக்குறாங்க.

பவுலுக்கே விசுவாசம் இல்லை என்று சொல்லுங்கள். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகத் தன்னோடு வேறு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். யாரும் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்பும் நேர்மையாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொல்கிறார். மாதம் ஒருமுறை வரவுசெலவை ஆலய வாசலில் ஒட்டுங்கள். கேள்வி பாதியாகக் குறையும்.

13. கஜா புயலப்போ நிவாரணம் வந்துச்சு. சபைக்காரங்களுக்குக் குடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்குன்னாங்க. ‘விசேஷமாக விசுவாச குடும்பத்தாருக்கு’ன்னு வசனம் காட்டுறாங்களே?

கலாத்தியர் 6இல் அந்த வசனம் இருப்பது உண்மை. அதன் முன்பாதி ‘யாவருக்கும் நன்மை செய்யக்கடவோம்’. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரைகடந்த காற்று, கூரையின் கீழே சிலுவை மாட்டியிருக்கிறதா என்று பார்த்து ஓட்டைப் பிய்க்கவில்லை. ஒரே தெருவில் நான்கு வீட்டுக்குத் தார்ப்பாய் கொடுத்து ஐந்தாவது வீட்டைத் தாண்டிப் போவதற்கு, நல்ல சமாரியன் கதை தெரிந்தவர்களுக்கு எப்படி மனது வரும்?

என் கணிப்பில், அந்த வசனம் நம் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் பணத்துக்குப் பொருந்தும். சபை தன் ஏழை விதவைக்கென்று வைத்திருக்கும் நிதி அவருக்குத்தான் போக வேண்டும். ஊருக்கென்று வந்த அரிசி மூட்டை ஊருக்குப் போக வேண்டும். கூரை போனவருக்கு முதலில், கூரை இருக்கிறவருக்குப் பிறகு. இதற்குமேல் வரிசை வேண்டாம்.

14. குடுக்கிறதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடலாமா? அனுப்பினவங்களுக்குக் காட்டணுமே.

மூட்டையை எடுங்கள், ரசீதை எடுங்கள், வரிசையை எடுங்கள். வாங்குகிறவர் முகத்தை எடுக்காதீர்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் அவர் பிள்ளையின் நண்பன் அந்தப் படத்தைப் பார்ப்பான்.

15. பதினஞ்சு வருஷமா ஞாயிறு பள்ளி நடத்துறேன். களைச்சுப் போயிட்டேன். விட்டா பாவமா?

இல்லை. சாப்பிடவும் நேரமில்லாமல் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, தனியான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்று சீஷரைக் கூப்பிட்டவர் இயேசு (மாற்கு 6). மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள், ஆட்களைப் பிரித்துவிடும் என்றார். மாமனார் சொன்னதை மோசே கேட்டுக்கொண்டது அதிசயம்தான்.

ஒரு வருஷம் ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். போகுமுன் பாடப்புத்தகமும் அலமாரிச் சாவியும் யாரிடம் என்று மட்டும் முடிவுசெய்துவிடுங்கள். திரும்பிவர மனசில்லாவிட்டால் வர வேண்டாம்.

16. எங்க செயலாளர் இருபது வருஷமா இருக்கார். கேட்டா ‘எனக்கு ஆசையா என்ன? என்னை விட்டா யாரு செய்வா?’ங்கிறார். நல்லாவும் செய்றார். என்ன பண்றது?

இதுதான் இந்தப் பட்டியலில் கஷ்டமானது. அவர் திருடவில்லை, சோம்பேறி இல்லை, ராத்திரி கூப்பிட்டாலும் வருவார். அவரைக் குறைசொன்னால் நன்றிகெட்டவர் என்று பெயர் வரும். ஆனால் இருபது வருஷத்தில் இன்னொருவருக்கு அந்த வேலை தெரியவில்லை என்றால், அவர் செய்த சேவையில் ஒரு பகுதி யாருக்கும் போய்ச் சேரவில்லை. மோசே யோசுவாவைச் சபைக்கு முன் நிறுத்திக் கைவைத்தார், தன் அதிகாரத்தில் கொஞ்சத்தை உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார் (எண்ணாகமம் 27).

தேர்தலில் தோற்கடிக்க ஆள் சேர்க்காதீர்கள், டெல்டாவில் அது இரண்டு குடும்பத்துக்கு மூன்று தலைமுறைப் பகையாகும். அவரை மதிக்கிற ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். ‘அண்ணே, இந்த வருஷம் ரெண்டு வாலிபர்களைக் கூட வச்சுக்குங்க, வங்கிக் கணக்குலயும் ஒருத்தர் கையெழுத்து சேரட்டும்’ என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால், அடுத்த வருஷம் பேச்சுத் தானே எளிதாகும். மறுத்தால், பதவிக்காலத்துக்கு வரம்பு வைக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். அவர் பெயர் அதில் வேண்டாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வரம்பு என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.